முகப்பு வாசலுக்கு ஈயப்பட்டி வண்ணக் கண்ணாடிக் கதவு வைக்கலாமா?

கோட்டையூர்ப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் கோட்டையூருக்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிறோம். அடித்தளம் முடிந்துவிட்டது. நிலை வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது என்பதால் அதில் கை வைக்க முடியாது. அதன் சாயலாவது புது வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. திண்ணை, முகப்பு (முன்கூடம்), சின்னதாக ஒரு வளவு (நடுமுற்றம்), ஆத்தங்குடி டைல் எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன.

இப்போது பிரச்சினை தலைவாசல் கதவு. வடிவமைப்பாளர் ஒருவர் இரட்டைக் கதவு வரைந்து கொடுத்திருக்கிறார். இரண்டு கதவிலும் மேலிருந்து கீழ்வரை ஈயப்பட்டியில் கோத்த வண்ணக் கண்ணாடி. மாமரக் கிளையில் இரண்டு மயில்கள். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் வாசல் மேற்குப் பார்த்தது. உயரம் ஏழடி. வெயில் தாங்குமா, உடையுமா, திருட்டுப் பயம் உண்டா என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. என் மாமியார் வேறு, "கண்ணாடிக் கதவுக்குத் தோரணம் கட்டினால் வாசல் மாதிரி இருக்குமா?" என்று கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழையவீடு எழுதியது:

உங்கள் மாமியாரின் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கடியாபட்டி என்று எந்த ஊரின் பழைய வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே ஏற்பாட்டைப் பார்க்கலாம். கதவு கனமான பர்மா தேக்கு. நிலையைச் சுற்றி அடுக்கடுக்காகச் செதுக்கு வேலை, மேலே கஜலட்சுமி. வண்ணக் கண்ணாடி எங்கே இருக்கும்? கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே, அரைவட்ட வளைவில். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா என்று விசிறி விரித்ததுபோல.

கதவு மறைப்பதற்கு, வளைவு வெளிச்சத்துக்கு. கதவைச் சாத்திய பிறகும் முகப்பு இருட்டாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது அந்தக் கண்ணாடி. ஆள் கை எட்டாத உயரம், மழைச்சாரல் படாதபடி மேலே தாழ்வாரம், திறந்து மூடும்போது அதிர்வு கிடையாது. நூறு வருடம் நின்றதற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

இன்னொன்று. நம் பக்கத்து வளைவுகளில் கண்ணாடித் துண்டுகளைப் பெரும்பாலும் மெல்லிய தேக்குச் சட்டங்கள்தான் பிடித்திருக்கின்றன. ஈயப்பட்டி தேவாலயச் சாளரங்களின் முறை. ஒரே தட்டில் மயில் கழுத்து, இலை நரம்பு என்று நுணுக்கமாக வரைய ஈயம் வேண்டும். பெரிய ஒற்றை நிறக் கட்டங்களுக்கு மரச்சட்டமே போதும்.


பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

நான் இதை ஏற்கவில்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, பர்மிங்ஹாமிலிருந்து இரும்பு, ஜப்பானிலிருந்து பூ ஓடு. நம் ஐயாக்கள் இதில் எதையாவது "நம் ஊர் வழக்கமா?" என்று கேட்டுவிட்டா வாங்கினார்கள்? கப்பலில் வந்த புதியது எதுவோ அதைத் துணிந்து வீட்டில் வைத்தார்கள். 1850க்கும் 1940களுக்கும் இடையில் அவர்கள் கட்டியதைத்தான் இன்று மரபு என்கிறோம். அந்தத் துணிச்சலும் மரபுதானே?

தங்கை, உங்களுக்கு மயில் கதவு பிடித்திருந்தால் வையுங்கள். பிறர் வீட்டைப் பிரதியெடுப்பதைவிட அது மேல்.


பழையவீடு எழுதியது:

அண்ணன் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் வந்ததை எங்கே வைப்பது என்பதை அவர்கள் தாங்களே முடிவு செய்தார்கள். பளிங்கை வெயில் ஏறாத கூடத்தில் போட்டார்கள். இரும்புத் தூணைப் பாரம் தாங்குகிற இடத்தில் நிறுத்தினார்கள். கண்ணாடியைக் கதவில் வைக்காமல் கதவுக்கு மேலே வைத்தார்கள். கண்ணாடி வாங்கப் பணம் இல்லாமலா அப்படிச் செய்தார்கள்?

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதற்குத் தனித்தனி மாளிகைகள் மட்டும் காரணமல்ல. தெருவும் வீடும் குளமும் சேர்ந்த ஊர் அமைப்பும் காரணம். கோட்டையூர்த் தெருவில் எழும் புது முகப்பு எதுவாக இருந்தாலும் அந்த வரிசையில்தான் நிற்கப்போகிறது.


ஈயப்பட்டறை எழுதியது:

வண்ணக் கண்ணாடி வேலைதான் என் தொழில். புதுச்சேரியில் கற்றுக்கொண்டு, தேவாலயச் சாளரங்களைப் பழுது பார்ப்பதும் வீடுகளுக்குப் புதிதாகச் செய்து கொடுப்பதுமாக இருக்கிறேன். அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வேலை நடக்கும் விதத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் முழு அளவில் தாளில் வரைய வேண்டும். ஒவ்வொரு துண்டையும் அந்தக் கோட்டுக்குள் வெட்டுவோம். பட்டியின் நடுத்தண்டுக்கு இடம் வேண்டும் என்பதால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவு குறைத்து வெட்டுவது வழக்கம். ஈயப்பட்டியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்துபோல இருக்கும்; இரு பக்கமும் கண்ணாடி செருகும் பள்ளம். பலகையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, துண்டு, பட்டி, துண்டு, பட்டி என்று லாட ஆணிகளால் நெருக்கிக்கொண்டே போவோம். பட்டிகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. ஈயம் உருகுவது 327 டிகிரியில், பற்று அதற்கு மிகக் கீழே சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். சூட்டுக்கோல் ஒரு நொடி அதிகம் தங்கினாலும் பட்டியே உருகி ஓட்டை விழுந்துவிடும். இரு பக்கமும் பற்றவைத்த பின், ஆளிவிதை எண்ணெயும் சாக்கட்டித் தூளும் புகைக்கரியும் குழைத்த சாந்தைத் தூரிகையால் பட்டிக்கு அடியில் அழுத்தித் தேய்ப்போம். பலர் அவசரத்தில் விட்டுவிடும் கட்டம் இது. அந்தச் சாந்து இறுகினால்தான் தட்டு ஒரே உடம்பாகும், மழைநீரும் உள்ளே வராது. தட்டைக் கையில் தூக்கி லேசாகத் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் சாந்து சரியாக ஏறவில்லை.

இனி வெயில். சூட்டில் ஈயம் கண்ணாடியைவிடச் சுமார் மூன்று மடங்கு விரியும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, வருடக்கணக்கில் தட்டு வயிறு தள்ளத் தொடங்கும். மேற்குப் பார்த்த வாசலில் இது சீக்கிரம் நடக்கும். அகலமோ உயரமோ இரண்டு அடியைத் தாண்டினால் குறுக்கே கம்பி கொடுத்தாக வேண்டும். புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் போல 1900களின் தொடக்கத்தில் எழுந்த தேவாலயங்களின் கண்ணாடி இன்றும் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அவை அசையாத சாளரங்கள். பெரிய சாளரத்தைச் சிறு சிறு தட்டுகளாகப் பிரித்து இரும்புக் கம்பியில் கட்டுவதுதான் அங்கே முறை. ஏழடிக் கதவில் ஒரே தட்டு வைத்து, அதைத் தினம் பலமுறை திறந்து சாத்துவது வேறு கதை. காற்றில் கதவு அறைகிற ஒவ்வொரு முறையும் அடி விழுவது பற்றுகளின் ஓரத்தில்தான். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஈயத் தட்டை நடுவில் வைத்து இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி (சூட்டில் பதப்படுத்தி வலுவாக்கியது) கொடுத்து விளிம்பை அடைத்துவிடலாம். வெளிநாட்டு வாசல்களில் இதுதான் இப்போது நடைமுறை. தூசு ஏறாது, துடைப்பது எளிது, ஈயத்தில் கை படாது. ஆனால் அந்த இரண்டு கண்ணாடி மட்டுமே சதுர மீட்டருக்கு 25 கிலோ. அதன் மேல் ஈயத் தட்டு, அதன் மேல் தேக்குச் சட்டம். டஃபன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு ஒரு நூல் தவறினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். விளிம்பு அடைப்பு என்றைக்காவது விட்டுப்போனால் உள்ளே பனி படியும். பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

நான் பட்டறைக்காரர் அல்ல, வீட்டுக்காரி. எங்கள் முகப்பும் மேற்குப் பார்த்ததுதான். மாலை நான்கு மணிக்கு மேல் வளைவிலிருந்து நிறம் இறங்கத் தொடங்கும். முதலில் எதிர்ச் சுவரில் முட்டைச் சாந்துப் பூச்சின் வழவழப்பில் சிவப்பும் மஞ்சளும் விழும். வெயில் சாயச் சாய அது உள்ளே நீண்டு பட்டாலை என்கிற கூடத்தின் தூண் மேல் ஏறும். பச்சைத் துண்டில் ஊசிமுனைபோலக் காற்றுக் குமிழிகள் உண்டு. அவை தரையில் கரும்புள்ளிகளாக விழும். சிறுவயதில் என் பிள்ளைகள் அந்தப் புள்ளிகளைத் துரத்தி விளையாடுவார்கள். நிறம் இன்றுவரை துளியும் மங்கவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கதவில் வண்ணக் கண்ணாடி என்று வைத்தார்கள். வெறும் கண்ணாடியில் நிறத்தாள் ஒட்டி, மேலே ஈயக்கோடு மாதிரி பட்டை ஒட்டியது. இரண்டு கோடை தாண்டுவதற்குள் சிவப்பு வெளிறி ரோஜா நிறமானது. பட்டை ஓரங்களில் எழும்பிக்கொண்டது. பணம் வாங்கும்போது அசல் என்றுதான் சொன்னார்களாம். கோட்டையூர்ப் பெண்ணே, எதை வைத்தாலும் அசல்தானா என்று பார்த்து வாங்கு.

பாதுகாப்பையும் யோசி. நம் வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். கதவில் ஒரு துண்டு கண்ணாடியைத் தட்டி எடுத்தால் கை உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுவிடும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் யார் இருக்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்பது தெருவுக்கு நிழலாகத் தெரியும்.


கோட்டையூர்ப் பெண் எழுதியது:

ஆச்சி, மிக்க நன்றி. அந்தத் தூண் வெளிச்சத்தைப் படித்தபோதே எங்கள் பழைய வீட்டு முகப்பு கண்ணில் வந்துவிட்டது. அசல் வண்ணக் கண்ணாடியை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாட்டு விளிம்பைப் பார்த்தால் தெரியும் என்று ஒருவர் சொன்னார்.


ஈயப்பட்டறை எழுதியது:

பெரும்பாலான நிறங்களுக்கு அது சரி. அசல் வண்ணக் கண்ணாடியில் உருகும்போதே உலோகம் கலந்திருக்கும்: நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்கு இரும்பு அல்லது குரோமியம். அதனால் விளிம்பிலும் அதே நிறம் ஆழமாகத் தெரியும். வெயிலில் மங்காததும் அதனால்தான்.

சிவப்பில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். செம்பு கலந்த சிவப்பை முழுக் கனத்துக்கும் விட்டால் கறுப்பாகவே தெரியும். ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் சேர்த்து ஊதுவது பழைய முறை. அதன் விளிம்பைப் பார்த்தால் நிறமில்லாமல், ஒரு பக்கம் மட்டும் சிவப்புக் கோடு தெரியும். அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். ஒட்டிய தாள் உரியும். சேர்ந்து ஊதிய கண்ணாடி நகத்துக்கு அசையாது.


தெற்குவீதி எழுதியது:

எங்கள் வீட்டுப் பழைய கண்ணாடி கீழ்ப்பக்கம் தடித்திருக்கிறது. கண்ணாடி நூறு வருடத்தில் மெல்ல வழிந்து இறங்குமாமே. மாற்றிவிடலாமா?


ஈயப்பட்டறை எழுதியது:

மாற்றாதீர்கள். நம் வீட்டுச் சூட்டில் கண்ணாடி வழியாது. அக்காலத்தில் ஊதிச் செய்த தட்டு ஒரே கனத்தில் வராது; அவ்வளவுதான். அந்த ஏற்றத்தாழ்வுதான் வெளிச்சத்தை அலைய வைக்கிறது. இப்போதைய ஆலைக் கண்ணாடியில் அது கிடைக்காது.


பழையவீடு எழுதியது:

உடைந்த துண்டுக்கு மாற்று வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடுங்கள். உடைந்த துண்டையே கையில் எடுத்துப் போய், கடைக்கு வெளியே வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கடை விளக்கில் எல்லா நீலமும் ஒன்றாகத்தான் தெரியும். இடித்த வீடுகளின் வளைவுகள் முழுதாகவே சில சமயம் வருகின்றன. அவற்றைப் பார்க்க வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் அவை கோவாவிலோ டெல்லியிலோ உணவகச் சுவரில் மாட்டப்படுவதைவிட, நம் ஊரிலேயே ஒரு புது வீட்டு நிலைக்கு மேல் ஏறினால் நல்லது. கோட்டையூர்ச் சகோதரி, நிலையின் அகலத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஒரு நடை போய் வாருங்கள். பழைய வளைவு கிடைத்தால் அதற்கேற்ப நிலையைச் செய்யலாம். நிலையைச் செய்த பிறகு வளைவு தேடினால் பொருந்தாது.


ஆசாரி மகன் எழுதியது:

தச்சு வேலைப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். தேக்கு மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். ஐப்பசி மழையில் கதவு இறுகி, பங்குனியில் தளர்வதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணாடித் தட்டைச் சட்டத்தில் இறுக்கமாகச் செருகினால் மரம் அசையும்போது கண்ணாடி தெறிக்கும். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டராவது விட வேண்டும். ஆணி அடித்த பீடிங் (கண்ணாடியைப் பிடிக்கும் மெல்லிய மரப்பட்டி) வேண்டாம். பித்தளைத் திருகு போட்ட தேக்குப் பீடிங் வையுங்கள். நாளை ஒரு துண்டு மாற்ற வேண்டியிருந்தால் உடைக்காமல் கழற்றலாம்.

சிலிக்கான் வைத்து அடைப்பவர்கள் கவனிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை காடி (வினிகர்) வாடை அடிக்கும் வகை. அந்த அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். 'நியூட்ரல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கதவை மேலிருந்து கீழ்வரை கண்ணாடியாக்கினால் தாங்குவதற்கு ஓரச்சட்டம் மட்டும்தான் மிஞ்சும். ஏழடிக் கதவு அந்த எடையில் கண்டிப்பாகத் தொங்கும். நான் செய்து கொடுக்கமாட்டேன் என்றே சொல்வேன்.


பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

எடைக் கணக்கைப் பார்த்த பிறகு தலைவாசலுக்கு நான் வாதாடவில்லை. ஆனால் மயிலை ஏன் விட வேண்டும்? முகப்பிலிருந்து வளவுக்குப் போகும் இரண்டாம் வாசல் இருக்கிறதே. அங்கே வெயில் நேராக அடிக்காது, மழை கிடையாது, தெருவிலிருந்து கை நீளாது. வளவு வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது முகப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மயில் எந்நேரமும் ஒளிரும். கதவின் மேற்பாதியில் மட்டும் இரண்டு அடித் தட்டு, கீழ்ப்பாதி தேக்கு.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

இது நல்ல யோசனை. விருந்தாள் உட்காரும் இடத்துக்கு அது பொருத்தம்.


ஈயப்பட்டறை எழுதியது:

பள்ளத்தூர் அண்ணன் சொன்ன இடம் மிகச் சரி. நாள் முழுக்கக் கைபடும் கதவு என்பதால் வீட்டுப் பக்கம் ஒரு லேமினேட்டட் கண்ணாடி மட்டும் கொடுத்தால் போதும். குழந்தை மோதினாலும் சில்லு தெறிக்காமல் உள்தாளோடு ஒட்டி நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்கு உரிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2553 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மயில் தோகையில் ஊசிபோல நீளும் துண்டுகள் முனையில் கட்டாயம் உடையும். உள்வளைவு ஆழமாக இருக்கும் துண்டை, 'எல்' வடிவத் துண்டை வெட்டவே முடியாது. வெட்டினாலும் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே நேர்கோடாகப் பட்டி போகக் கூடாது. தட்டு அந்தக் கோட்டில் மடியும். சிக்குக் கோலத்தை அப்படியே கண்ணாடியில் கேட்பவர்கள் உண்டு. கோடுகள் குறுக்கிடும் இடமெல்லாம் முனை மெலிந்துவிடுவதால் அது ஒத்துவராது. ஆத்தங்குடி டைலின் பூவும் நட்சத்திரமும் அருமையாக வரும். அந்த டைலின் பளபளப்பே, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை வார்ப்பதால் கிடைப்பதுதான். உங்கள் தரையில் போடும் அதே பூவைக் கதவுத் தட்டின் கரையில் கொண்டுவந்தால் இரண்டும் பேசும்.

கூலி சதுர அடிக்கு மட்டும் கணக்கில்லை. எத்தனை துண்டு என்பதைப் பொறுத்தது. இருபது துண்டுத் தட்டுக்கும் நூறு துண்டுத் தட்டுக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல. விலை கேட்கும்போது வரைபடத்தோடு கேளுங்கள்.


கோட்டையூர்ப் பெண் எழுதியது:

நேற்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். தலைவாசலுக்கு முழுத் தேக்குக் கதவு. மேலே அரைவட்ட வளைவு, மரச்சட்டத்தில் வண்ணக் கண்ணாடி. முனீஸ்வரன் கோவில் தெருவில் முதலில் தேடப்போகிறோம். மயில் இரண்டாம் வாசலுக்குப் போகிறது, ஒன்றாகக் குறைந்து. மாமியாருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. எங்கள் மகனுக்கு இரண்டு வயது. எதையும் தொட்டுவிட்டு வாயில் விரல் வைப்பான். ஈயம் ஆபத்து என்கிறார்களே?


ஈயப்பட்டறை எழுதியது:

கவலை நியாயமானது. குழந்தை உடம்பில் ஈயம் எவ்வளவு குறைவாகச் சேர்ந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தட்டைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. தொட்ட கையும் உதிரும் பொடியும்தான் பிரச்சினை. அதனால் உங்கள் கதவில் ஒரு பக்கம் போதாது, இரு பக்கமும் கண்ணாடி மூடிவிடலாம். இரண்டு அடித் தட்டுதான் என்பதால் எடை ஏறாது. அல்லது ஈயத்துக்குப் பதில் துத்தநாகப் பட்டியோ பித்தளைப் பட்டியோ கேளுங்கள். அவை விறைப்பானவை, நுண்ணிய வளைவுக்கு இடம் கொடுக்காது. ஒற்றை மயிலுக்குப் போதும். ஆனால் அவற்றின் பற்றிலும் ஈயம் இருக்கும், எனவே ஈயமில்லாத பற்று என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஈயத் தட்டை இருபுறமும் மூடுவதையே தேர்ந்தெடுப்பேன்.

பழைய ஈயத் தட்டு உள்ள வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பட்டியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்து, கையை நன்றாகக் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சை, அமிலக் கலவை எதுவும் ஆகாது.


ஆசாரி மகன் எழுதியது:

தங்கை, கடைசியாக ஒன்று. வரைபடத்து அளவை நம்பிக் கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நிலை வைத்து, சுவர் எழுந்து, கதவு மாட்டி, ஒரு மழைக்காலம் கழியட்டும். அதன் பிறகு கதவில் எடுத்த பள்ளத்துக்கு நேராக அட்டை வெட்டி, அந்த அட்டையைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மேல் எது, கீழ் எது, உள்பக்கம் எது என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். அதுவரை அந்த இடத்தில் ஒட்டுப்பலகை இருந்தால் போதும். வார்னிஷ் வேலையையும் கண்ணாடி ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.


கோட்டையூர்ப் பெண் எழுதியது:

சரி அண்ணா. அட்டை வெட்டும் அன்று உங்களுக்கும் பட்டறை அண்ணாவுக்கும் இங்கேயே படம் போட்டுக் காட்டுகிறேன். பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அனுப்புவேன்.